கட்டுமரமா, ஃபைபர் படகா? சுற்றுச்சூழலுக்கு எது நல்லது?

கட்டுமரத்தை ஆணி அடித்துச் செய்வதில்லை. பெயரே சொல்கிறது, கட்டுவதுதான். லேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்து, பாய் விரித்துப் போவார்கள். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் காயப் போடுவார்கள். உளுத்துப்போனால் அடுப்புக்கு விறகு. அதற்கும் காட்டு மரத்தை வெட்டத்தான் வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை.

ஃபைபர் கதை வேறு. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரைகளில் குவிந்தது இதுதான். கண்ணாடி இழையும், பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்ததுதான் இந்தப் படகு. பிசினைப் பூசும்போதே அதிலுள்ள ஸ்டைரீன் என்ற ரசாயனத்தின் நெடி மூக்கைத் துளைக்கும். ஓட்டை அடைக்கத் தேய்த்தால் வெள்ளைத்தூள் மணலில் கலக்கும். உடம்பில் பட்டால் அரிப்புதான். பல வருஷம் உழைக்கும், சரி. அப்புறம்? மட்காது, உருக்கி வார்க்கவும் முடியாது. கரையில் கவிழ்ந்து கிடக்கும், நிழலில் ஆடு படுத்திருக்கும்.