வதந்திப் படங்களைச் சரிபார்க்க நான்கு இலவசக் கருவிகள்: எது உதவுகிறது, எங்கே கைவிடுகிறது?

இந்து–முஸ்லிம் பதற்றத்தைக் கிளப்பும் ஃபார்வர்டுகளில் பல நேரம் படம் நிஜமானதாகவே இருக்கும். இடமும் காலமும்தான் பொய். 2013 முசாஃபர்நகர் கலவரத்தின்போது இரண்டு இளைஞர்களைக் கூட்டம் அடித்துக் கொல்லும் வீடியோ பரப்பப்பட்டது. அது 2010இல் பாகிஸ்தானின் சியால்கோட்டில் நடந்த கொலை. அந்தக் கலவரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017இல் மேற்கு வங்கத்தின் பசிர்ஹாட்டில் பதற்றம் மூண்டபோது, ஒரு போஜ்புரி சினிமாவின் காட்சியை வெட்டி, ‘இந்துப் பெண்ணுக்கு நடந்த கொடுமை’ என்று சுற்றவிட்டார்கள். இரண்டுக்குமே ஃபோட்டோஷாப் தேவைப்படவில்லை. ஆகவே ஒரு கருவியிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் படம் இதற்குமுன் எங்கே, எப்போது வந்தது? படத்தைக் கொடுத்துத் தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ், வீடியோவுக்கான இன்விட் ஆகிய நான்கையும் இந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

தேடுவதற்கு முன் படத்தைத் தயார் செய்ய வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வாட்ஸ்அப் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுக்காமல் படத்தையே சேமித்துக்கொள்ளுங்கள். மேலே ஒட்டிய வாசகம், சிவப்பு வட்டம், அம்புக்குறி, சேனல் லோகோ எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். இல்லாவிட்டால் தேடுபொறி அந்த எழுத்தைப் படித்துவிட்டு, அதே வதந்தியைப் பகிர்ந்த பக்கங்களையே உங்கள் முன் கொட்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள். மெட்டாடேட்டாவில் (படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் விவரங்களில்) நேரம் செலவிட வேண்டாம். சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து எடுத்த தேதி, இட விவரங்களை வாட்ஸ்அப் நீக்கிவிடுகிறது.

கூகுள் லென்ஸ் கைப்பேசியிலேயே வேலை செய்வதால் முதலில் இதையே தொடலாம். இந்தியச் செய்தித் தளங்களை, தமிழ்த் தளங்கள் உட்பட, இந்த நான்கில் நன்றாகத் துழாவுவது இதுதான். ஆனால் கூட்டம், தீ, கல்வீச்சுப் படங்களைக் கொடுத்தால் ‘இதுபோன்ற’ படங்களை வரிசையாகக் காட்டும். அவை வேறு சம்பவங்கள். அதே படம் அப்படியே வந்த பக்கங்களை மட்டும் காட்டும் பகுதிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ‘இது அந்த ஊர்ப் படம்’ என்று மறுப்பு எழுதினால், அந்த மறுப்பே இன்னொரு வதந்தியாகிவிடும்.

டின்ஐயின் பலம் ஒன்றே ஒன்று: முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தலாம். மதக் கலவரப் படங்களுக்கு இந்த வசதி மிகப் பெரிது. நேற்று நடந்ததாகச் சொல்லும் படம் ஐந்து வருடம் முன்பே பதிவாகியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. ஆனால் அது காட்டும் தேதி, டின்ஐ அந்தப் படத்தைக் கண்டெடுத்த தேதி; வெளியான நாள் அதற்கும் முந்தையதாக இருக்கலாம். இந்திய மொழித் தளங்களில் இதன் வீச்சு குறைவு. ஒன்றும் வரவில்லை என்பதற்காகப் படம் புதியது என்று முடிவு கட்டக் கூடாது. யாண்டெக்ஸ் முகங்களையும் கட்டடங்களையும் அடையாளம் காண்பதில் லென்ஸைவிடக் கெட்டி. அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வீடியோ என்றால் இன்விட். ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் பங்கேற்ற ஐரோப்பியத் திட்டத்தில் உருவானது. கணினியில் குரோம் நீட்டிப்பாக நிறுவ வேண்டும். கீஃப்ரேம்ஸ் பகுதியில் இணைப்பையோ சேமித்த கோப்பையோ கொடுத்தால் வீடியோவை முக்கியச் சட்டகங்களாக (ஃப்ரேம்களாக) பிரித்துத் தரும். ஒவ்வொன்றையும் வலது கிளிக்கில் பல தேடுபொறிகளுக்கு அனுப்பலாம். பலமுறை கைமாறி மங்கிப்போன வீடியோவில் தானாக வரும் சட்டகங்கள் பெரும்பாலும் பயன்படாது. அப்போது விஎல்சி வீடியோ பிளேயரில் திறந்து, நிறுத்தி, ஆங்கில ‘E’ விசையை அழுத்தி ஒவ்வொரு சட்டகமாக நகர்த்துங்கள். கடைப் பலகை, வண்டி எண், காக்கிச் சட்டையின் தோள்பட்டை முத்திரை, சுவரொட்டியின் மொழி தெரியும் சட்டகத்தைப் பிடித்து அதைத் தேடுங்கள். 2020 ஏப்ரலில், ‘தப்லீக் ஜமாத்காரர் போலீஸ்மீது எச்சில் துப்பி கொரோனா பரப்புகிறார்’ என்று ஒரு வீடியோ நாடெங்கும் ஓடியது. அது அதற்கு முன்பு, பிப்ரவரியில், மும்பையில் ஒரு விசாரணைக் கைதி போலீஸ் வேனுக்குள் செய்த தகராறு. கொரோனாவுக்கும் தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் மதப் பிரச்சார அமைப்புக்கும் அதில் எந்தத் தொடர்பும் இல்லை. போலீஸ் வேன், காவலர் சீருடை இரண்டும் வீடியோவிலேயே இருந்தன. அந்த வாரங்களில் இப்படிப்பட்ட வீடியோக்களை நம்பி, முஸ்லிம் காய்கறி வியாபாரிகளைத் தெருவுக்குள் விடாமல் துரத்தினார்கள்.

நான்கும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. 2023 ஜூன் 2 பாலசோர் ரயில் விபத்துக்குப் பிறகு, தண்டவாளத்துக்கு அருகிலிருந்த வெள்ளைக் கட்டடத்தை அம்புக்குறியிட்டு ‘பள்ளிவாசல், அன்று வெள்ளிக்கிழமை’ என்று சதி முடிச்சுப் போட்டார்கள். படம் நிஜம், புதியது, ஊரும் சரி. பழைய பிரதியே இல்லாததால் தலைகீழ்த் தேடலில், அதாவது படத்தைக் கொடுத்து அது முன்பு வந்த இடத்தைத் தேடுவதில், சிக்காது. தரையிலிருந்து வேறு கோணங்களில் எடுத்த படங்களைத் தேடியபோதுதான் அது பஹானகாவின் இஸ்கான் கோயில் என்று தெரிந்தது. ஒடிசா போலீசும் மதச்சாயம் பூசுவோருக்கு எச்சரிக்கை விடுத்தது. இந்த வகைக்குக் கூகுள் மேப்ஸின் செயற்கைக்கோள் காட்சியும், அந்த இடத்தில் உள்ளூர்க்காரர்கள் ஏற்றிய புகைப்படங்களுமே கருவி.

கூடவே, ஏற்கெனவே வெளியான உண்மைச் சரிபார்ப்புகளைத் தேடித் தரும் கூகுளின் ஃபேக்ட் செக் எக்ஸ்ப்ளோரரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு சொல் போட்டுப் பாருங்கள். பாதி வதந்திகள் ஊர்ப்பெயர் மாறி வருபவை. 2020இல் கோவையில் ‘இந்துக்களுக்குத் தனி அண்டாவில் மலட்டு மாத்திரை கலந்த பிரியாணி’ என்று படங்களோடு பரவியதைக் கோவை மாநகர போலீஸ் பொய் என்று மறுத்தது. இதே மாத்திரைக் கதையை வைத்துத்தான் 2018இல் இலங்கையின் அம்பாறையில் முஸ்லிம் உணவகத்தைத் தாக்கினார்கள். அரசு ஆய்வகத்தில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது.

குரல் பதிவுக்கு இந்த நான்கிலும் வழியில்லை. அதில் சொல்லும் ஊர், நாள், காவல் நிலையப் பெயரைக் குறித்துக்கொண்டு அந்த நிலையத்துக்கே போன் செய்யுங்கள். மாவட்டக் காவல்துறையின் சமூக வலைப் பக்கத்தையும் பாருங்கள். ஊரும் நாளும் சொல்லாத பதிவென்றால், அனுப்பியவரிடம் ‘எந்த ஊர், என்றைக்கு?’ என்று குழுவிலேயே எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள்.