வெயிட் குறைக்கும்போது வெயிட் தூக்கலாமா? இரண்டு முறை இளைத்தவனின் அனுபவம்

2019 செப்டம்பரில் சித்தப்பா மகள் கல்யாணம். ஐந்தே மாதத்தில் 84 கிலோவிலிருந்து 69 கிலோவுக்கு இறங்கியிருந்தேன். அதைக் காட்டிக்கொள்ளவே புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். பந்தியில் எதிர் வரிசையில் இருந்த பெரியப்பா என்னை இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, "என்னப்பா, சுகரா?" என்றார். கை கழுவிவிட்டு வருவதற்குள் இன்னும் மூன்று பேர் அதையே கேட்டுவிட்டார்கள்.

அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் கண்ணில் பட்டது சரிதான் என்று தோன்றுகிறது. நான் இளைத்திருந்தேன், ஆனால் தேறியவன் மாதிரி இல்லை, வதங்கியவன் மாதிரி இருந்தேன். கன்னம் ஒட்டிப்போய், தோள்பட்டை ஹேங்கர் மாதிரி சட்டையைத் தாங்கிக்கொண்டிருந்தது. தொப்பை மட்டும் சின்னதாகி, அதே இடத்தில் பத்திரமாக இருந்தது.

நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். காலையில் ஒரு மணி நேரம் நடை, மாலையில் அரை மணி நேரம். மதியம் ஒரு கரண்டி சோறு, இரவு இரண்டு சப்பாத்தி. இனிப்பு கிடையாது, பஜ்ஜி கிடையாது. முட்டை, கறி எல்லாம் 'கொழுப்பு' என்று தள்ளி வைத்திருந்தேன். எடைக்கருவி தினமும் ஒரு நல்ல செய்தி சொன்னது. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. வீடு இரண்டாம் மாடி. கேஸ் சிலிண்டரை முன்பெல்லாம் ஒரே மூச்சில் மேலே ஏற்றிவிடுவேன். எரிவாயு 14.2 கிலோ, இரும்போடு சேர்த்து சுமார் முப்பது கிலோ. இளைத்த பிறகு முதல் மாடியிலேயே இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். உடம்பில் பதினைந்து கிலோ குறைந்தால் படி ஏறுவது சுலபமாகத்தானே இருக்க வேண்டும்?

அப்புறம் கொரோனா வந்தது, ஊரடங்கு வந்தது, வீட்டிலேயே வேலை வந்தது. 2022 முடிவதற்குள் 83.6 கிலோ. போன எடை கிட்டத்தட்ட முழுவதும் திரும்பியிருந்தது. நான் கவனித்தது இடுப்பளவைத்தான். 2019 தொடக்கத்தில் 84 கிலோ இருந்தபோது இடுப்பு 39 அங்குலம். இப்போது எடை கொஞ்சம் குறைவு, இடுப்போ 40. போனபோது தசையும் கொழுப்புமாகப் போயிருக்கிறது. வரும்போது பெரும்பாலும் கொழுப்பாக வந்திருக்கிறது. அந்த டிசம்பரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. அப்பாவுக்கு நாற்பத்தைந்தில் சர்க்கரை வந்தது. எனக்கு அப்போது நாற்பது. பெரியப்பா கேட்ட கேள்வி கொஞ்சம் தாமதமாகப் பலித்துவிடும் போலிருந்தது.

2023 ஜனவரியில் வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் சேர்ந்தேன். மாஸ்டர் நல்ல மனிதர். என் வயிற்றைப் பார்த்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "முதல்ல மூணு மாசம் கார்டியோ பண்ணி வெயிட்டைக் குறைங்க சார். அப்புறம் வெயிட்ஸ் போடலாம். இப்பவே தூக்கினா இருக்கிற கொழுப்பு எல்லாம் இறுகிடும்." டிரெட்மில்லில் ஏற்றிவிட்டார். மூன்று வாரம் கண்ணாடியைப் பார்த்தபடி நடந்தேன். இது 2019-இன் அதே படம், ஏசி போட்டு ஓட்டுகிறார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது.

கொழுப்பு இறுகித் தசையாவதும் இல்லை, தசை தளர்ந்து கொழுப்பாவதும் இல்லை. இரண்டும் வெவ்வேறு திசுக்கள். சாப்பாடு குறையும்போது உடம்பு பற்றாக்குறையைக் கையிருப்பிலிருந்து ஈடுகட்டுகிறது. கொழுப்பிலிருந்தும் எடுக்கும், தசையிலிருந்தும் எடுக்கும். தசையை வைத்துக் காப்பாற்றுவது உடம்புக்குச் செலவு. உபயோகப்படாத தசை என்றால் கை வைக்கத் தயங்காது. நான் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவன், எனக்கு இது சட்டென்று புரிந்தது. வருமானம் குறைந்தால் நிர்வாகம் முதலில் யாரை வீட்டுக்கு அனுப்பும்? சும்மா உட்கார்ந்திருப்பவரைத்தான். எடை தூக்குவது என்பது தசைக்குத் தினமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வைப்பது.

இதைத் தேடிப் படித்தபோது கிடைத்த ஓர் ஆய்வு என் மனதை மாற்றியது. 2017-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. 65 வயதைத் தாண்டிய, உடல் பருமன் உள்ள 160 பேர். உணவைக் குறைத்தவர்களில் ஒரு பிரிவு நடை மாதிரியான பயிற்சி, ஒரு பிரிவு எடைப் பயிற்சி, ஒரு பிரிவு இரண்டும். ஆறு மாதத்தில் மூன்று பிரிவுக்கும் எடை சுமார் 9 சதவீதம் குறைந்தது. தராசுக்கு மூன்றும் ஒன்றுதான். தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடையைப் பார்த்தால், நடைப் பிரிவினர் 5 சதவீதம் இழந்திருந்தார்கள். எடை தூக்கியவர்கள் 2, இரண்டும் செய்தவர்கள் 3. இடுப்பெலும்பின் அடர்த்தியும் நடைப் பிரிவில்தான் அதிகம் குறைந்தது. அறுபத்தைந்து வயதுக்காரர்கள் இளைக்கும்போதே தூக்கலாம் என்றால் நான் எதற்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்?

மாஸ்டரிடம் வாதம் செய்யவில்லை. "எனக்கு ஆசையா இருக்கு மாஸ்டர்" என்றேன், விட்டுவிட்டார். டாக்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். ரத்த அழுத்தம், குடலிறக்கம், முதுகுப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பிப்ரவரி முதல் வாரம் தொடங்கினேன். திங்கள், புதன், வெள்ளி. ஸ்குவாட் (பார் எனும் இரும்புக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது), தோளுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று செட், ஒரு செட்டில் எட்டிலிருந்து பத்து ரெப்ஸ் (தடவை). ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்குவாட்டுக்கு முதல் நாள் வெறும் பார்தான், இருபது கிலோ. மறுநாள் கழிப்பறையில் உட்காரவும் எழவும் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

நாலு வாரம் கழித்து எடை பார்த்தேன். 84.4. ஏறியிருந்தது!

பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள், நானும் விட இருந்தேன். புதிதாக வேலை வாங்கப்பட்ட தசை, கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பையும் அதோடு நீரையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். வலியும் வீக்கமுமாகக் கொஞ்சம் நீர் நிற்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு மூன்று கிராம் தண்ணீர் என்பது தோராயக் கணக்கு. அதற்கடியில் கொழுப்பு குறைந்துகொண்டிருந்தாலும் தராசுக்குத் தெரியாது. காப்பாற்றியது என் மனைவியின் தையல் டேப். "இடுப்பு ஒரு இஞ்ச் குறைஞ்சிருக்குங்க, நீங்க எதுக்குப் புலம்புறீங்க?" என்றாள். அன்றிலிருந்து எடைக்கருவி வாரத்துக்கு ஒரு நாள், டேப் மாதத்துக்கு ஒரு நாள். ஜிம்மில் நின்றால் கொழுப்பு, தசை எல்லாம் அச்சடித்துக் கொடுக்கும் ஓர் இயந்திரம் உண்டு. ஒரே மாதத்தில் மூன்று கிலோ தசை ஏறிவிட்டதாக அது சொன்னபோது சிரித்துவிட்டு வந்தேன். அது உடம்பில் சின்ன மின்னோட்டத்தை அனுப்பி நீரை வைத்து ஊகிக்கிற கருவி. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தாலே பேச்சை மாற்றும்.

எடை தூக்கினால் எடை குறையுமா என்று கேட்டால், என் பதில்: அநேகமாக இல்லை. ஒரு மணி நேரம் தூக்கி எரிப்பதை ஒரு மசால் தோசை திருப்பிக் கொடுத்துவிடும். 'தசை ஏறினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும்' என்று ரீல்ஸில் சொல்கிறார்களே, அதில் உண்மை உண்டு, ஆனால் பாதி மேரி பிஸ்கட் அளவுக்கு. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்கு 13 கலோரி எரிக்கிறது. ஒரு கிலோ கொழுப்பு நாலரை. என் எடை குறைந்தது சாப்பாட்டில் நாளுக்கு முந்நூறு, நானூறு கலோரி குறைத்ததால்தான். குறைந்ததில் எது கொழுப்பு, எது தசை என்பதில்தான் இரும்புக்குப் பங்கு.

அதிலும் பாதி அடுப்படியில் இருந்தது. நம் வீட்டுச் சாப்பாட்டில் புரதம் எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. ஓர் இட்லியில் சுமார் இரண்டு கிராம். நாலு இட்லி, சாம்பார், சட்னி என்று திருப்தியாகச் சாப்பிட்டு எழுந்தால் பத்து, பன்னிரண்டு கிராம். எடைப் பயிற்சியோடு இளைப்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு; எனக்கு அது 120 கிராமுக்கு மேல். இட்லியிலேயே எட்டுவதென்றால் அறுபது இட்லி. ஆகவே காலையில் நாலு முட்டை, இரண்டு இட்லி. மதியம் 150 கிராம் கோழி, சோறு பாதி. மாலையில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு ஒரு ஸ்கூப் வே புரோட்டீன். அம்மாவுக்கு அந்த டப்பாவைப் பார்த்தாலே பயம், 'கிட்னி போயிடும்' என்று. பாலிலிருந்து பிரித்த மோர்த்தண்ணிப் பொடிதான் அம்மா என்று சொல்லியும் நம்பவில்லை. சிறுநீரகத்தில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பயம் நியாயம். நான் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

புரட்டாசி வந்தது. முட்டையும் கிடையாது, கோழியும் கிடையாது. அந்த மாதம் முழுக்க மீல் மேக்கர்தான். ஐம்பது கிராம் உலர்ந்த உருண்டையில் 26 கிராம் புரதம், விலையும் மலிவு. குழம்பு, பொரியல், உப்புமா என்று எல்லாவற்றிலும் போட்டோம். மகன் அதைப் பார்த்தாலே ஓடுகிறான், இன்றுவரை.

எல்லாம் சுபமாகப் போகவில்லை. ஜூலை, வருமான வரித் தாக்கல் மாதம். இரவு பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்து ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன் நூறு கிலோவை அநாயாசமாக டெட்லிஃப்ட் செய்தான். நான் அறுபதில் இருந்தவன், வீம்புக்கு எண்பது ஏற்றினேன். இரண்டாவது ரெப்பில் இடுப்புக்கு மேலே ஏதோ பிடித்தது. பத்து நாள் குனிந்து ஷூ போட முடியவில்லை; மகன்தான் லேஸ் கட்டிவிட்டான். அரைகுறைச் சாப்பாட்டில், அரைகுறைத் தூக்கத்தில் சாதனை செய்யப் போகக் கூடாது. இளைக்கும் காலத்தில் இருந்த பலத்தைக் காப்பாற்றிக்கொண்டாலே லாபம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் சில மாதம் பலம் தானாக ஏறும், அது போனஸ். எனக்கு ஆறேழு மாதத்தில் அந்த போனஸ் நின்றுவிட்டது.

நடையைத் தூக்கிப் போட்டதும் ஒரு தப்புதான். முதல் சுற்றின் மேல் இருந்த கோபத்தில் நாலைந்து மாதம் நடக்கவே இல்லை. இரும்போடு மல்லுக்கட்டுகிறேன், ஆனால் பேருந்தைப் பிடிக்க ஓடினால் இரைக்கிறது. மேலே சொன்ன ஆய்விலும் அன்றாட உடல்திறன் அதிகம் கூடியது இரண்டையும் செய்தவர்களுக்குத்தான். இப்போது மற்ற நாட்களில் நாற்பது நிமிடம் நடக்கிறேன்.

2024 ஏப்ரலில் 73 கிலோ. பத்தரைக் கிலோ குறைய பதினான்கு மாதம். முதல் சுற்றில் ஐந்து மாதத்தில் பதினைந்து கிலோ என்பதோடு ஒப்பிட்டால் நத்தை வேகம். ஆனால் இடுப்பு 34 அங்குலம். 2019-இல் 69 கிலோவில் அது 36. அதாவது நாலு கிலோ கூடுதலாக இருக்கும்போது இடுப்பு இரண்டு அங்குலம் குறைவு. எச்பிஏ1சி 5.5. ஸ்குவாட் எண்பது கிலோ, டெட்லிஃப்ட் ஒழுங்கான முறையில் நூறு. மாதம் நாலாயிரம் ரூபாய்க்குக் கிட்டே செலவானது, முட்டை, கோழி, ஜிம் கட்டணம் எல்லாம் சேர்த்து.

வேடிக்கை என்னவென்றால், என் உயரம் 168 செ.மீ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கில் நான் 25.9, இந்தியர்களுக்கான வரையறைப்படி 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன். காகிதத்தில் இன்னும் குண்டுதான். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்தபடியே கொழுப்பைச் சுமப்பது நம்மூர் உடம்பின் சுபாவம். தசையையும் சேர்த்துக் கரைத்து இளைப்பவன், அந்தச் சுபாவத்துக்கு இன்னும் துணை போகிறான்.

அதற்கப்புறம் எடை 72-க்கும் 74-க்கும் நடுவில் நிற்கிறது. தீபாவளிக்கு இரண்டு கிலோ ஏறும், கார்த்திகைக்குள் இறங்கும். சிலிண்டர் இரண்டாம் மாடிக்கு நிற்காமல் போகிறது. போன பொங்கலுக்குப் பெரியப்பாவைப் பார்த்தேன். சுகரைப் பற்றிக் கேட்கவில்லை. "உடம்பைக் குறைக்கிறேன்னு சொன்னியே, அப்படியேதானே இருக்க?" என்றார்.

ஜிம்மில் புதிதாகச் சேர்பவர்கள் இன்னும் டிரெட்மில்லுக்குத்தான் போகிறார்கள். போன வாரம் ஒரு பையன், 95 கிலோ இருப்பான், வியர்த்து ஊற்றிக்கொண்டு நடந்துகொண்டே ஸ்குவாட் ரேக்கை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் கீழே டீ குடிக்கப் போயிருந்தார். கூப்பிட்டு வெறும் பாரைத் தோளில் வைத்து, முழங்கால் எப்படி மடங்க வேண்டும் என்று காட்டினேன். ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தான். முகம் பூரித்துவிட்டது.

"அண்ணா, மாஸ்டர் கேட்டா நீங்கதான் சொன்னீங்கன்னு சொல்லிடுவேன்" என்றான்.

சொல்லிக்கோ என்றேன்.