ஹெட்டைக் கழற்றச் சொன்னால் முதலில் ஒரு தாளை எடுங்கள்

மாடிஃபை செய்த வண்டிக்கு ரேடியேட்டரோ ஃபேனோ மாற்றப் போகிறவர்கள் இதை முழுதாகப் படியுங்கள். எனக்கு நான்கு மாதமும் 53,200 ரூபாயும் போயிருக்கிறது. நன்றாக இருந்த ஒரு சிலிண்டர் ஹெட்டை (இன்ஜின் சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) தேவையில்லாமல் சீவியும் விட்டார்கள். இத்தனைக்கும் காரணம் மாற்றிக் கொடுத்த இரண்டு ஒயர்.

என்னுடையது 2004 மாருதி எஸ்டீம். 1298 சிசி, பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். கேம், ஹெடர், எக்ஸாஸ்ட் என்று சில இன்ஜின் பாகங்களை மாற்றி ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். எடை குறையட்டும் என்று ஏசியையும் அப்போதே எடுத்துவிட்டேன். சூடு பிரச்சினை ஒருநாளும் வந்ததில்லை. பழைய ரேடியேட்டர் ஓரத்தில் கசிய ஆரம்பித்ததால், இந்த மாதிரி வேலைக்குப் பெயர் வாங்கிய ஒரு கோவைப் பட்டறையில் பிப்ரவரியில் விட்டேன். பெரிய அலுமினிய ரேடியேட்டரும் மெலிசான எலக்ட்ரிக் ஃபேனும் போட்டார்கள். கூலியோடு 26,000.

மறுநாளே அவினாசி ரோடு சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றதும் சூடு காட்டும் முள் ஏறியது. பைபாஸில் 80-ல் போனால் தானாக இறங்கியது. "ஏர் லாக் சார், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார்கள். தண்ணீர் ஓடும் பாதையில் காற்று சிக்கியிருக்கிறதாம். ஆகவில்லை. அப்புறம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, ரேடியேட்டர் மூடியை மாற்றி 1,500 வாங்கினார்கள். நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையே இல்லை என்று அவர்கள் சொன்னதை நம்பினேன். தயவுசெய்து நீங்கள் நம்பாதீர்கள். 82 டிகிரியை ஒட்டித் திறக்கும் அந்தச் சின்ன வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே வெகுநேரமாகும். வண்டி இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூடுதலாக விடும். லிட்டருக்கு 13 கொடுத்த வண்டி 10-க்கு வந்தது. சிக்னலில் சூடாவது அப்படியே இருந்தது.

அடுத்து வாட்டர் பம்ப், கூலன்ட் என்று 4,200. கழற்றிய பம்ப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆட்டமில்லை, இறக்கை தேயவில்லை, சீல் கசிந்த தடமும் இல்லை.

மே மாதம் ஃபேனை டைரக்ட் செய்தார்கள். சாவி போட்டதிலிருந்து அணைக்கும்வரை நிற்காமல் சுற்றும். அன்றிலிருந்து பைபாஸில் 50, 60 வேகத்திலும் சூடு ஏறியது. இந்த இடத்தைக் கவனியுங்கள். ஃபேன் நின்று நின்று சுற்றியபோது பைபாஸில் சரியாக ஓடிய வண்டி, ஃபேன் ஓயாமல் சுற்ற ஆரம்பித்ததும் அங்கேயும் சூடாகிறது என்றால் சந்தேகம் ஃபேன் மேல்தான் வர வேண்டும். அவர்கள் சொன்னது, "ஹைவேலயும் ஏறுதுன்னா ஹெட் கேஸ்கட் போயிடுச்சு சார், கன்ஃபார்ம்."

ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் இந்தக் கேஸ்கட். எந்தச் சோதனையும் செய்யாமல் சொன்ன கன்ஃபார்ம் அது. கேஸ்கட் போயிருக்கிறதா என்று ஹெட்டைத் தொடாமலே பார்க்கலாம். நீலத் திரவம் ஊற்றிய ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைப்பார்கள். எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் திரவம் மஞ்சளாக மாறும். அதுவும் இல்லையென்றால், ராத்திரி முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா என்று கையால் அமுக்கிப் பார்க்கலாம். அதற்குக் காசே வேண்டாம். இரண்டும் செய்யவில்லை. ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் போட்டு, அதாவது அடிப்பக்கத்தைச் சீவிச் சமப்படுத்தி, 21,500 வாங்கினார்கள். பழைய கேஸ்கட்டை நான் விடாமல் கேட்டு வாங்கினேன். நான்கு சிலிண்டர் வளையமும் முழுசாக இருந்தன, வாயு கடந்த கருப்புத் தடம் எங்கும் இல்லை. ஹெட் வளைந்திருந்ததா, எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு அளவும் சொல்ல முடியவில்லை. பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. சீவிய உலோகத்தை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

இதற்கிடையில் ஒருநாள், கொதித்துக்கொண்டிருந்த வண்டியின் மூடியைப் பட்டறைப் பையன் ஒருவன் துணியைப் போட்டுத் திறந்தான். 0.9 பார் மூடி அழுத்திப் பிடித்திருக்கும்போது தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் ஆவியாகிச் சீறும். அவனுக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை.

ஜூனில் ஹாரன் வேலைக்காகப் போத்தனூர் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். நிற்கும்போதே முள் ஏறுவதைப் பார்த்தவர், மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் ஒரு நொடி தொட்டார். "ரெண்டும் ஒரே சூடுங்க தம்பி. தண்ணி நல்லாத்தான் சுத்துது, சூடு வெளிய போகல. காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு யாராச்சும் பாத்தாங்களா?" என்றார். பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்தார். இன்ஜின் பக்கம் இருக்கிற ஃபேன் காற்றை உள்ளே இழுத்தால் தாள் ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் பறந்து என் காலடியில் விழுந்தது.

இந்த மெலிசான ஃபேன்களை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துத் தள்ளவும் விடலாம், பின்னால் வைத்து இழுக்கவும் விடலாம். ஒயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். என் வண்டியில் இன்ஜினின் சூடான காற்றையே ரேடியேட்டர் வழியாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. வண்டி ஓடும்போது எதிரே வரும் காற்றோடு மல்லுக்கட்டியது. அண்ணன் ஒயரை மாற்றி, ரிலேவும் சூடு பார்த்து ஓடும் சுவிட்சும் போட்டுக் கொடுத்தார். கண்டுபிடித்ததற்கு அவர் வாங்கியது 350 ரூபாய். தெர்மோஸ்டாட்டும் திரும்பப் போட்டாயிற்று. இப்போது சிக்னலில் 95 டிகிரியைத் தொட்டதும் ஃபேன் ஓடி, 90-க்கு இறங்குகிறது. ஃபேனை ரேடியேட்டரின் தகடுகளுக்குள்ளேயே பிளாஸ்டிக் டை குத்திக் கட்டியிருந்ததால் ஒரு குழாய் உரசிக் கசிய ஆரம்பித்திருக்கிறது. அந்தச் செலவு இனிமேல்தான்.

பட்டறையில் கேட்டால் ஃபேன் கம்பெனியின் தவறு என்கிறார்கள். கொடுத்த பில்லில் ஜிஎஸ்டி எண்கூட இல்லை. பழைய பம்ப், கேஸ்கட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், ஆனால் 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

இப்படி ஃபேன் மாற்றியவர்கள் நாளைக் காலையிலேயே அதை ஓடவிட்டு, முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் விழுந்தால் ஒயரை மாற்றுவதற்கு முன் இறக்கை எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.