கோதுமை விளைச்சல்: நேரடித் தேர்வா, கூறுவழித் தேர்வா?

கோதுமையின் விளைச்சலை உயர்த்த முனையும் பயிர் இனப்பெருக்க ஆய்வாளர், தானிய விளைச்சலையே அளந்து தேர்ந்தெடுக்கலாம். அல்லது ஆயிரம் மணிகளின் எடை, ஒரு கதிரிலுள்ள மணிகளின் எண்ணிக்கை, கதிர் தரும் தூர்கள் ஆகிய கூறுகளின் வழியே தேர்ந்தெடுக்கலாம்.

விளைச்சல் என்பது எண்ணற்ற மரபணுக்களின் சிறுசிறு விளைவுகளால் அமைவதோடு, வெப்பம், ஈரம், மண்வளம் என ஒவ்வொன்றுக்கும் ஏற்ப மாறுவதால், அதன் மரபுவழித் திறன் (செடிகளுக்கிடையே காணும் வேறுபாட்டில் மரபால் வரும் பங்கு) பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. பல இடங்களில், பல பருவங்களில் மீண்டும் மீண்டும் சோதித்தால் மதிப்பீடு நம்பகமாகும். அதற்குப் போதிய விதையோ பிந்தைய தலைமுறைகளில்தான் சேரும். ஆகவே, தனிச்செடி நிலையில் விளைச்சலை மட்டும் நம்புவது ஏறத்தாழச் சூதாட்டம்தான்.

மணி எடை சூழலுக்கு அவ்வளவாக அசைவதில்லை. ஆதலால் முந்தைய தலைமுறைகளிலேயே அதை நம்பித் தேர்ந்தெடுக்கலாம். தூர்களின் எண்ணிக்கைக்கு இது பொருந்தாது: செடிகளுக்கிடையேயான இடைவெளி மாறினாலே அதுவும் மாறிவிடும். மேலும், மணி எடை கூடும்போது மணிகளின் எண்ணிக்கை குறைவதுண்டு என்பதால், ஒரு கூறில் பெற்ற ஆதாயம் மற்றொன்றில் கரைந்துபோகக்கூடும்.

மரபுவழித் திறனின் உயர்ந்த எண் மட்டுமே போதாது. மரபு வேறுபாடு சிறிதாக இருந்தாலோ, அதில் ஓங்குதன்மையின் (ஒரு மரபணு வடிவம் தன் இணையின் விளைவை மறைப்பதன்) பங்கு மிகுந்திருந்தாலோ, தன்மகரந்தச் சேர்க்கைப் பயிரான கோதுமையில் தேர்வின் பலன் சொற்பமே. என் கருத்தில், தொடக்கத் தலைமுறைகளில் மணி எடையையும் கதிரின் மணி எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்து வடிகட்டிவிட்டு, மரபுநிலை சீரான வரிசைகளை (ஒரே செடியின் வழிவந்த, தம்முள் மாறுபடாத செடிக் குழுக்களை) மட்டும் விளைச்சல் சோதனைக்கு அனுப்புவதே தக்கது.