தானாக அப்டேட், ஈஎஸ்ஆர், சர்வர்: சின்ன அலுவலகத்துக்கு எது சரி?

தஞ்சாவூரில் தலைமை அலுவலகம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யத்தில் கிளைகள். எல்லாம் சேர்த்து ஐம்பது கம்ப்யூட்டர் தேறும். டெல்டாவில் ஆடிட்டர் அலுவலகம், நிதி நிறுவனம், தனியார் பள்ளி என்று பலவும் இந்த அளவில்தான் இருக்கின்றன. பார்த்துக்கொள்ள ஒரே ஆள். அவரும் பாதி நாள் பிரிண்டரோடு மல்லுக்கட்டுவார். மாதாமாதம் மாறும் மென்பொருளை இங்கே எப்படிச் சமாளிப்பது?

எதையும் தொடாமல் தானாக அப்டேட் ஆக விடுவது ஒரு வழி. ஃபயர்ஃபாக்ஸ் 2011-ல் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று ஆரம்பித்து 2020-ல் நான்கு வாரத்துக்கு வந்தது. குரோமும் 2021-ல் நான்கு வாரத்துக்கு இறங்கியது. வீட்டுக்கு இது போதும். ஆனால் ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளில், டிஜிட்டல் கையெழுத்து மென்பொருள் புதிய பிரவுசரோடு ஒத்துப்போகாமல் நின்றால் யார் பதில் சொல்வது?

அதற்குப் பயந்து அப்டேட்டையே அணைத்துவைப்பவர்கள் உண்டு. 2017 மே மாதம், விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியபோது, அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. அணைத்துவைப்பதை ஒரு வழியாகவே நான் சேர்க்கவில்லை.

பிரவுசரைப் பொறுத்தவரை என் ஓட்டு ஃபயர்ஃபாக்ஸ் ஈஎஸ்ஆருக்கு, அதாவது நிறுவனங்களுக்கான அதன் நீண்ட நாள் ஆதரவுப் பதிப்புக்கு. 2012-ல் வந்தது. ஏறக்குறைய ஓராண்டுக்கு வசதிகள் மாறாது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். அடுத்த ஈஎஸ்ஆர் வந்த பிறகும் பழையதற்குச் சில வாரம் ஆதரவு நீளும். மார்ச் கணக்கு முடிப்பு, ஜூன் அட்மிஷன் எல்லாம் தவிர்த்து மாற்றலாம். குரோமின் நீட்டித்த பதிப்பு தாங்குவது எட்டு வாரம்தான். அதையும் பாலிசி (நிர்வாகி வைக்கும் கட்டுப்பாட்டு விதி) போட்டுத்தான் இயக்க வேண்டும். ஈஎஸ்ஆருக்கு வேறு இன்ஸ்டாலர், அவ்வளவுதான்.

விண்டோஸுக்கு டபிள்யூஎஸ்யூஎஸ் சர்வர் வைக்கலாம் என்பார்கள். அப்டேட்டுகளை இறக்கி அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் அது. ஒருமுறை இறக்கி, எந்தக் குழுவுக்கு எது என்று நாமே ஒப்புதல் தரலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விண்டோஸ் சர்வர் உரிமம், நிரம்பிக்கொண்டே போகும் டிஸ்க், ஒப்புதல் தர ஓர் ஆள் எல்லாம் வேண்டும். மைக்ரோசாஃப்ட்டும் 2024 செப்டம்பரில் இதில் இனிப் புது வசதி வராது என்று சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு, கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருவதைப்போல, தஞ்சாவூரில் இறக்கியது வேதாரண்யத்துக்கு மெல்லிய இணைப்பு வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். விண்டோஸிலேயே இருக்கும் டெலிவரி ஆப்டிமைசேஷனை இயக்கினால், கிளைக்குள் ஒரு கம்ப்யூட்டர் இறக்கியதை மற்றவை பகிர்ந்துகொள்ளும். காசும் இல்லை.

அதனால் சர்வர் வேண்டாம். விண்டோஸ் புரோ பதிப்பாக இருந்தால் குரூப் பாலிசியில் மாதாந்திர அப்டேட்டை 30 நாள் வரை தள்ளிவைக்கலாம். அது வருவது அமெரிக்கக் கணக்கில் மாதத்தின் இரண்டாம் செவ்வாய், நமக்குக் கிட்டத்தட்ட புதன். தலைமை அலுவலகத்தில் இரண்டு கம்ப்யூட்டருக்கு உடனே, மற்றவற்றுக்கு ஒரு வாரம் கழித்து என்று வைத்தால் போதும். ஹோம் பதிப்பு வாங்கியிருந்தால் இது கிடையாது. ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கும் பட்டன் மட்டும்தான்.

ஒன்று கவனிக்க வேண்டும்: இந்தத் தள்ளிவைப்பு, தனியாக வாங்கிப் போட்ட பாதுகாப்பு மென்பொருளைக் கட்டுப்படுத்தாது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் கோளாறான அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. அது விண்டோஸ் அப்டேட் வழியாக வந்ததே இல்லை.

அப்புறம், ஐப்பசி கார்த்திகையில் கடலோரக் கிளைகளில் ரீஸ்டார்ட்டை ராத்திரிக்கு வைக்காதீர்கள். மின்சாரம் போனால் யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். மதியச் சாப்பாட்டு வேளையில், ஆள் இருக்கும்போதே முடித்துவிடலாம்.