எலும்பு விழுங்கிய பிரவுனி: கோலாலம்பூரில் நாய் வைத்தியம்

இந்த முறை ஊருக்குப் போனதில் பாஸ்போர்ட் புதுப்பிப்பு, வங்கி வேலை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. எழுத வேண்டியது செந்தூலில் அம்மாவோடு இருக்கும் பிரவுனியைப் பற்றித்தான். வயதான பெற்றோரையும் ஒரு நாயையும் ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும்.

தீபாவளி விருந்து முடிந்த ராத்திரி, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பாசமாகப் போட்ட ஆட்டெலும்பு. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும். கொஞ்ச நேரத்தில் பிரவுனிக்கு எச்சில் நூலாக ஒழுக ஆரம்பித்தது. கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்த்தது. குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. சோற்று உருண்டை கொடு, வாழைப்பழம் கொடு, உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அம்மா எதற்கும் சம்மதிக்கவில்லை. நல்ல வேளை. உணவுக்குழாயில் சிக்கிய எலும்பின் மேல் எதைத் திணித்தாலும் இன்னும் இறுகும்; வாந்தி எடுக்க வைத்தால் கூர்முனை குழாயைக் கிழித்துவிடலாம்.

பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குப் போன் பண்ணி எக்ஸ்ரே உண்டா என்று கேட்டோம். வாங்க, பார்க்கலாம் என்றார்கள். போன பிறகுதான், ராத்திரியில் அதை இயக்க ஆள் இல்லை, ஊசி போடுகிறோம், காலையில் வாருங்கள் என்றார்கள். அன்பாகத்தான் பேசினார்கள். ஆனாலும் இதைப் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். எலும்பு குத்திக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் குழாய்ச் சுவர் புண்ணாகிறது.

அடுத்தது வண்டி. செயலியில் கூப்பிட்டால் வரும் ஓட்டுநர்களில் நிறையப் பேர் முஸ்லிம்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். எச்சில் ஒழுகும் நாயைச் சொல்லாமல் கொள்ளாமல் ஏற்றுவது முறையில்லை. மாமா பையனை எழுப்பி, அவன் காரில் பெட்டாலிங் ஜெயா போனோம்.

அங்கே இருந்தது 24 மணி நேர மருத்துவமனை. உள்ளே போனதுமே எக்ஸ்ரே. இதயத்தைத் தாண்டி, உதரவிதானத்துக்குச் சற்று முன்னால், வெள்ளையாக ஒரு முக்கோணத் துண்டு. நாய்களுக்கு எலும்பு அதிகம் சிக்குவது அந்த இடத்தில்தானாம். டாக்டர் சீனப் பெண். அம்மா பசார் மலாயில் (சந்தையில் பேசும் எளிய மலாய்) கேட்கக் கேட்க, அவரும் மலாயிலேயே, ஒரு தாளில் குழாயையும் வயிற்றையும் வரைந்து விளக்கினார். மயக்க மருந்து கொடுத்து, எண்டோஸ்கோப் என்ற கேமரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டு இழுத்துப் பார்ப்போம். வரவில்லை என்றால் மெதுவாக வயிற்றுக்குள் தள்ளுவோம், வயிற்று அமிலம் எலும்பைக் கரைக்கும். இரண்டும் முடியாவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டும், அதற்குச் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையையும் கேட்டுப் பார்க்கலாம் என்றார். (1997-க்கு முன்னால் அது விவசாயப் பல்கலைக்கழகம், அம்மா இன்னும் அப்படித்தான் சொல்கிறார்.) ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று எழுதிக் காட்டிய பிறகுதான் முன்பணம் கேட்டார்கள். தொகை பெரிதுதான், ஆனால் கடைசி பில் அதைத் தாண்டவில்லை.

எலும்பு வாய் வழியாகவே வந்துவிட்டது. குழாயில் புண் இருந்தது, ஓட்டை இல்லை.

இந்த மருத்துவமனையை நான் மெச்சுவது அதற்குப் பிறகு நடந்ததற்காக. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் பெண் அம்மாவை உட்காரவைத்து, சுக்ரால்ஃபேட் மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் இழுத்து, கன்னத்து ஓரமாக விடச் சொல்லிக் காட்டினார். பிறகு அம்மாவையே செய்ய வைத்தார். அந்த மருந்து புண்ணின் மேல் படலமாகப் படிய வேண்டும். அதனால் வெறும் வயிற்றில், மற்ற மருந்துகளிலிருந்து தள்ளிக் கொடுக்க வேண்டும். அமிலம் குறைய ஒமெப்ரசோல். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பனடோலையோ (பாராசிட்டமால்) ஐபுப்ரோஃபெனையோ கொடுத்துவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். நாய்க்கு அவை விஷமாகலாம்.

அப்புறம் கஞ்சிக் காலம். குழைய வேகவைத்த சோற்றில் எலும்பில்லாத கோழியை அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்குப் பல வேளை. கிண்ணத்தை முக்காலி மேல் வைத்தோம். முதலில் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது, பிறகு நக்கியது, ஒரு காலையில் கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டே சமையலறைக்குள் வந்துவிட்டது. அம்மா அழுதேவிட்டார்.

புண் ஆறும்போது தழும்பு இறுகி, இரண்டு மூன்று வாரத்தில் குழாய் குறுகலாம் என்று சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டதும் கக்கினால் உடனே கொண்டுவர வேண்டும். அதை விசாரிக்க அவர்களே போன் செய்தார்கள், நான் கிளம்பிய பிறகும். இப்போது கெட்டி உணவும் இறங்குகிறது. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அம்மா நேரில் போய், எலும்பு போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

செந்தூல், கெப்போங் பக்கம் ராத்திரியிலும் எண்டோஸ்கோப் செய்யும் இடம் இருந்தால் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பெட்டாலிங் ஜெயா வரை அம்மா தனியாகப் போக முடியாது.