தேன் தொழில் கற்க: பயிற்சி நிலையமா, மார்த்தாண்டம் தோட்டமா?

தேனீ வளர்க்கக் கற்க பயிற்சி நிலையத்துக்குப் போவதா, கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவரோடு நிற்பதா? பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது.

செலவு: வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். தோட்டத்தில் உங்கள் உழைப்புதான் கட்டணம்.

கணக்கு, கடன்: நிலையம்தான். கடனுக்கான திட்ட அறிக்கை எழுதுவதைத் தோட்டத்தில் யார் சொல்லித் தருவார்?

கைப்பழக்கம்: இதில் தோட்டத்துக்கு ஈடில்லை. ரப்பர் தளிர்த்து, அந்தத் தளிரில் தேன் சுரக்கும் மாசியில் பெட்டியைத் திறந்து, தேனடையில் எத்தனை அறை மெழுகால் மூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூடாத தேனை அவசரப்பட்டு எடுத்தால் புளித்துவிடும். அப்புறம் மழைக்காலம்: பூ இல்லாதபோது சர்க்கரைப்பாகு வைக்காவிட்டால் கூட்டமே காலியாகும். ஒரு வருடமாவது கூட நின்றால்தான் இதெல்லாம் பிடிபடும்.

உடனே கடன் வேண்டுமா, நிலையம். வீட்டருகே ரப்பர் தோட்டம் இருக்கிறதா, தேனீக்காரர் அண்ணாச்சியோடு முதலில் இரண்டு பெட்டி வையுங்கள்.